வேர்களின் கீழ் ஓர் ஊழியம்



சுற்றுச்சூழல் ஞாயிறன்று ஆலய வளாகங்களில் மரக்கன்றுகள் நடுகிறோம். எத்தனை நட்டோம் என்று ஆண்டறிக்கையிலும் எழுதுகிறோம். ஆனால் அவற்றைத் தாங்கவேண்டிய மண்ணில் உயிர் இருக்கிறதா என்று நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறேன்.

கரீபியன் தீவாகிய புவேர்ட்டோ ரிக்கோவில், கடந்த நூற்றாண்டில் பைன் மரங்களை வளர்க்கப் பல ஆண்டுகள் முயன்றார்கள். கன்றுகள் வளர்ச்சி குன்றி மடிந்தன. 1955-இல் அமெரிக்கப் பைன் காட்டிலிருந்து கொண்டுவந்த மண்ணை வேரடியில் இட்டபோது, அவை செழித்து வளர்ந்தன. உரம் செய்யாததை அந்த மண்ணிலிருந்த பூஞ்சை செய்தது.

ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்னும் ஜெர்மானிய அறிஞர், வேரும் பூஞ்சையும் கூடி வாழும் இவ்வுறவுக்கு 1885-இல் 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். மயிரிழையினும் மெல்லிய பூஞ்சை இழைகள், வேர் எட்டாத இடுக்குகளிலிருந்து நீரையும் பாஸ்பரஸ் சத்தையும் கொண்டுவருகின்றன. மரமோ சூரிய ஒளியில் ஆக்கிய சர்க்கரையில் ஒரு பங்கை அவற்றுக்கு அளிக்கிறது. காற்றிலிருந்த கார்பன் இவ்வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது. ஆண்டுதோறும் சுமார் 1,300 கோடி டன் கரியமில வாயுவுக்கு நிகரான கார்பனைத் தாவரங்கள் இப்பூஞ்சைகளுக்கு அளிப்பதாக 2023-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

அப்படியானால் பூஞ்சைத் தூளை வாங்கித் தூவினால் போதும் என்று எண்ணலாகாது. அந்தக் கார்பன் முழுவதும் மண்ணில் தங்குவதில்லை. ஒரு பகுதி மீண்டும் காற்றுக்கே திரும்புகிறது. ஓரிடத்துப் பூஞ்சை வேறிடத்துக்குத் தீங்காகவும் முடியலாம்: தென் அரைக்கோளத்தில் இத்துணையோடு குடியேறிய பைன்கள், பல இடங்களில் புல்வெளிகளை ஆக்கிரமித்துவிட்டன. புகையைக் குறைக்க மனமில்லாதவர்களுக்குப் பூஞ்சை ஒரு சாக்காகவும் ஆகக்கூடாது.

என் கருத்து இதுவே. நிற்கும் காட்டை அழியாமல் காப்பது முதற்கடமை. அதன் மண்ணில் உருவான உறவுகளை நாம் எளிதில் திரும்ப உண்டாக்க முடியாது. அழிந்த காட்டை மீட்கவேண்டுமானால், அவ்விடத்துக்குரிய மரங்களோடு அவற்றுக்குரிய மண்ணுயிர்களும் திரும்பவேண்டும். தேவன் ஆதாமைத் தோட்டத்தில் வைத்தபோது, உழைக்கும் பொறுப்போடு பாதுகாக்கும் பொறுப்பையும் அவனிடம் ஒப்புவித்தார். நாமோ நடுவதில் மகிழ்ந்து, பாதுகாப்பதை மறந்துபோகிறோம்.

ஆகையால் பிரியமானவர்களே, ஆலய வளாகத்தில் உதிரும் இலைகளைக் கூட்டி எரிக்காமல் மரத்தடியிலேயே மக்கவிடுங்கள். மரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசாதிருங்கள். வரும் ஆண்டறிக்கையில், மூன்று ஆண்டுகளுக்கு முன் நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடிருக்கின்றன என்பதையும் எழுதுவோம்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் நிலத்தையும் ஆசீர்வதிப்பாராக.