கையுறைக்குள் ஒரு கை இருந்தது

ஓவிய வரலாற்றுப் புத்தகங்கள் ஒரு கதையைச் சலிக்காமல் சொல்கின்றன. 1894இல், பாரிஸ் கேளிக்கை மேடைகளின் பெரிய பாடகியான இவெத் கில்பேருக்காக துலூஸ்-லோத்ரெக் ஒரு சுவரொட்டிக்குப் படம் வரைந்தார். துருத்திய மூக்கு, நீண்ட தாடை, இழுத்துவிட்ட கழுத்து. பாடகி அதை ஏற்கவில்லை. என்னை இவ்வளவு அசிங்கமாக வரையாதீர்கள், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பாவம், மேடைக்காரிக்கு அழகுதான் பெரிது, மேதைக்கு உண்மைதான் பெரிது என்று கதை ஒரு சிரிப்போடு முடியும்.

அந்தச் சிரிப்பில் நாம் கலந்துகொள்ள வேண்டியதில்லை.

முதலில் அந்த 'அசிங்கம்' யாருடைய படைப்பு என்று கேட்போம். கில்பேர் வறுமையில் வளர்ந்தவர். துணி தைத்தும் கடையில் நின்றும் பிழைத்தவர். அன்றைய மேடை கேட்டதோ சதைப்பிடிப்பான, குலுங்கி ஆடும் பாடகியை. ஒல்லியான இந்தப் பெண் அதை எதிர்த்து ஓர் உருவத்தைத் தானே செய்தார். வெளுக்கப் பூசிய முகம், செந்நிறத் தலைமுடி, நகையில்லாத உடை, முழங்கைக்கு மேல் ஏறிய கருப்புக் கையுறை. கையுறை ஏன் கருப்பு என்றால், இல்லாத காலத்தில் அதுதான் மலிவு என்று பின்னாளில் அவரே சொன்னார். ஆடாமல் அசையாமல் நின்று, ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக உச்சரித்து, குடிகாரக் கிழவியையும் கபட நல்லவர்களையும் முகத்தாலும் குரலாலும் மட்டுமே கொண்டுவந்தார். ஆக, அந்த மேடையில் கேலிச்சித்திரம் ஏற்கெனவே இருந்தது. அதை வரைந்தவர் ஒரு பெண். தாள் அவருடைய உடல். லோத்ரெக் பார்த்து எழுதினார், நன்றாகவே எழுதினார். கையெழுத்து மட்டும் அவருடையதாகிவிட்டது.

இன்னொரு படத்தைப் பக்கத்தில் வையுங்கள். 1892இல் அம்பாசடர்ஸ் அரங்குக்காக அதே லோத்ரெக் பாடகர் அரிஸ்தீத் புருவானை வரைந்தார். அகன்ற தோள், பெரிய தொப்பி, கருப்பு மேலங்கி, சிவப்புக் கழுத்துத்துணி. மலைபோல் நிற்கிறார் மனிதர். அரங்க முதலாளிக்குப் படம் பிடிக்கவில்லை. அதை ஒட்டாவிட்டால் பாடமாட்டேன் என்றார் புருவான், ஒட்டினார்கள். தன் உருவம் எப்படித் தெருவில் நிற்கவேண்டும் என்று ஆண் பாடகன் அடம்பிடித்தால் அது கலைஞனின் துணிச்சல். இரண்டே வருடம் கழித்து அதையே பெண் செய்தால் அகம்பாவம். கில்பேர் தெரிந்தெடுத்தது ஸ்டைன்லன் வரைந்த சுவரொட்டியை. தன் தொழிலுக்கு எது வேண்டும் என்று தெரிந்த ஒரு தொழிலாளியின் முடிவு அது. மறுநாளும் சீட்டு விற்றாகவேண்டும் அல்லவா?

லோத்ரெக் தன்னையும்தானே கேலியாக வரைந்துகொண்டார் என்பார்கள். உண்மை. குட்டையான கால்களோடு வாழ்ந்து, ஊரின் கேலியை அனுபவித்தவர் அவர். அந்த வலியை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் அவர் பிரபு வீட்டுப் பிள்ளை. முகம் விற்றுச் சாப்பிடவேண்டிய நிலை அவருக்கு வரவில்லை.

அதே 1894இல் கில்பேரைப் பற்றி ஓர் ஆல்பம் வந்தது. எழுத்து குஸ்தாவ் ஜெஃப்ருவா, கல்லச்சுப் படங்கள் லோத்ரெக். 100 பிரதிகளிலும் கில்பேர் கையெழுத்திட்டார். 'பார்த்தீர்களா, சம்மதித்துவிட்டாளே' என்பதற்கு இன்றுவரை இதுதான் சாட்சி. சம்மதம் என்பது இவர்களுக்கு எப்போதும் ஒரு கையெழுத்துதான்! படம் எப்படியும் வெளியே போகப்போகிறது என்றால் அதில் தன் பெயரும் தன் கையால் இருக்கட்டும் என்று ஒருத்தி கணக்குப் போடமாட்டாளா? அந்த அட்டையைப் பாருங்கள். படிக்கட்டில் கழற்றிப்போட்ட இரண்டு கருப்புக் கையுறைகள். பெண் இல்லை. விமர்சகர்கள் மெய்மறக்கும் இடம் இது. வறுமையில் அவர் தேர்ந்த பொருள் சின்னமாக நிற்கிறது, அதைத் தேர்ந்தவர் அட்டையில் தேவைப்படவில்லை.

இது ஒருத்தியோடு நிற்கவில்லை. 1891 மூலான் ரூஜ் சுவரொட்டியில் காலைத் தூக்கும் லா குலூவின் இயற்பெயர் லூயிஸ் வெபர். நம் ஊர் காபிக் கடைச் சுவர்களில்கூட அந்தக் கால் தொங்குகிறது. அவர் தனியாகக் கொட்டகை போட்டபோது லோத்ரெக்கிடம் கேட்டு வாங்கிய பெரிய திரை ஓவியங்களை, பின்னர் ஒரு வியாபாரி துண்டு துண்டாக வெட்டி விற்றார். 1929இல் அவற்றை அரசு வாங்கி ஒட்டவைத்தது. அதே ஆண்டு வெபர் வறுமையில் இறந்தார். துணியை ஒட்டவைக்கப் பணம் இருந்தது.

கில்பேர் பிழைத்தார், 1944வரை வாழ்ந்தார். பழைய பிரெஞ்சுப் பாடல்களைத் தேடிப் பாடினார், கற்பித்தார். 1918இல் ஒரு பாட்டை எப்படிப் பாடுவது என்று புத்தகமே எழுதினார். அதில் வலிக்கு ஒன்று, சிரிப்புக்கு ஒன்று என்று தன் முகபாவங்களைப் புகைப்படங்களாக வரிசையாகக் கொடுத்திருக்கிறார். கோணுகிற வாயும் சுருங்குகிற கண்ணும் அவர் முடிவெடுத்துச் செய்தவை என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? அருங்காட்சியகங்கள் அடுத்தமுறை அந்த ஆல்பத்தைக் கண்ணாடிப் பெட்டியில் விரிக்கும்போது, பக்கத்தில் இந்தப் புத்தகத்தையும் திறந்து வைக்கட்டும். விளக்க அட்டையில் முதல் பெயர் யாருடையது என்பதை அதன் பிறகு பேசுவோம்.