ஸ்டாம்பு பேப்பரில் விவாகரத்து முடியாது

வழக்கமாகப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எழுதுவேன். இன்று கொஞ்சம் சங்கடமான விஷயம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் சேலம், நாமக்கல் பக்கம் புருஷன் பெண்டாட்டி இனிச் சேர்ந்து வாழ முடியாது என்று ஆகிவிட்டால், இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுகிறார்கள். இவ்வளவு பணம், இத்தனை பவுன், குழந்தை அம்மாவிடம் என்று முடிவாகிறது. ஸ்டாம்பு பேப்பரில் எழுதி, நோட்டரி முத்திரை வாங்கி, "தீர்த்து விட்டாச்சு" என்கிறார்கள். பெரியவர்கள் பேசி முடிப்பதை நான் குறை சொல்லவில்லை. வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அந்தக் காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது.

நோட்டரி முத்திரை எந்தத் திருமணத்தையும் முறிக்காது. சாதி வழக்கப்படி பிரிவதை இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு ஏற்கிறது என்பது உண்மைதான். ஆனால் அப்படியொரு வழக்கம் இருப்பதை நிரூபித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. நிரூபிக்க முடியாவிட்டால் அடுத்த கல்யாணம் செல்லாது. செய்தவருக்கு 7 ஆண்டு வரை சிறையும் உண்டு.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி, மாதம் 5,000 ரூபாய் தருவதாக எழுதிய பேப்பரை பீரோவில் வைத்திருக்கிறாள். நான்கு மாதம் பணம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் "எங்களுக்கென்ன தெரியும்" என்கிறார்கள். இதே நிபந்தனை கோர்ட் உத்தரவில் இருந்திருந்தால், நிறைவேற்று மனு போட்டு அவன் சம்பளத்தையோ சொத்தையோ ஜப்தி செய்யக் கேட்கலாம். இப்போது அவள் முதலிலிருந்து வழக்குப் போட வேண்டும். பையன் வீட்டாருக்கும் இது பொருந்தும். ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு நாளை என்ன ஆதாரம்?

வழி இருக்கிறது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் 13-பி பிரிவின் கீழ் இருவரும் சேர்ந்து மனு போடலாம். பொதுவாக ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறை ஆஜராக வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேசி முடித்ததை எழுதிக் கையெழுத்திட்டுத் தாக்கல் செய்து, தீர்ப்பாணையிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

எழுதும்போது மொட்டையாக எழுதாதீர்கள். தொகை எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த வங்கிக் கணக்கில்? நகை எத்தனை பவுன், என்னென்ன? குழந்தையை அப்பா எந்தக் கிழமை பார்ப்பார்? பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது, எந்த வயது வரை? தவறினால் என்ன? மற்ற வழக்குகளை எப்போது வாபஸ் வாங்குவது? கடைசித் தவணையைத் தீர்ப்பு நாளன்று வைத்துக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு. "குழந்தைக்கு எதுவும் கேட்க மாட்டேன்" என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். ஜீவனாம்சம் குழந்தையின் உரிமை, தாய் விட்டுக்கொடுக்கக் கூடியதல்ல.

"கோர்ட்டுக்குப் போனால் மானம் போகும்" என்பார்கள். 22-வது பிரிவுப்படி இந்த வழக்குகளை மூடிய அறையில்தான் விசாரிக்கிறார்கள். செலவுக்குப் பயப்படவும் வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், வக்கீல் இலவசம். தொலைபேசி எண் 15100.

நிச்சயதார்த்தத்தில் சீர் என்னென்ன என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போடுகிற நாம், பிரியும்போதும் அதே கவனத்தோடு இருக்க வேண்டாமா? தெரிந்த குடும்பம் எதுவும் இந்த நிலையில் இருந்தால், பேப்பரில் கையெழுத்துப் போடும் முன்பு ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.