இறங்கத் தெரிந்த தலைவர்



பொறுப்பை ஏற்பதற்கு ஒருவரை ஆயத்தப்படுத்துகிற நாம், அதைவிட்டு இறங்குவதற்கு எவரையும் ஆயத்தப்படுத்துவதில்லை. ஆகவே இவ்வாரம், தமது கிறிஸ்தவ விசுவாசத்தை மறைக்காமல் பேசிவரும் ஜெர்மானியக் கால்பந்துப் பயிற்சியாளர் யூர்கன் க்ளோப்பைக் குறித்துச் சிந்திப்போம்.

ஆட்டக்காரராக அவர் பெரும்புகழ் பெற்றவர் அல்லர். 1990 முதல் 2001 வரை மைன்ஸ் அணிக்காக ஜெர்மனியின் இரண்டாம் பிரிவிலேயே ஆடினார். 2001 பிப்ரவரியில் அணி தத்தளித்தபோது, பயிற்சிப் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. 2002, 2003 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் முதற்பிரிவுக்கு உயரும் வாய்ப்பைக் கடைசி நாளில் இழந்த அணி, 2004இல் உயர்ந்தது. பின்னர் டார்ட்மண்ட் அணியோடு 2011, 2012 ஆண்டுகளில் ஜெர்மானியப் பட்டத்தை வென்றார். 2015இல் லிவர்பூலுக்கு வந்த அவர், 2019இல் ஐரோப்பியக் கோப்பையையும், 2020இல் அந்நகரம் முப்பது ஆண்டுகள் காத்திருந்த இங்கிலாந்து லீக் பட்டத்தையும் பெற்றுத் தந்தார்.

இவ்வெற்றிகளைவிட 2024 ஜனவரியில் அவர் எடுத்த முடிவே என் மனத்தைத் தொட்டது. அணி பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. ஒப்பந்தமோ 2026 வரை இருந்தது. ஆயினும், தமது ஆற்றல் குறைந்துவருவதாகச் சொல்லி, பருவம் முடிந்ததும் விலகுவதாக அறிவித்தார். இது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது அன்றோ என்று கேட்கலாம். நான் அப்படி எண்ணவில்லை. மாதங்கள் முன்னதாகவே சொல்லி, கடைசி ஆட்டம்வரை பணிசெய்து, அடுத்தவரைத் தேடக் காலம் கொடுத்தார். களைப்பை ஒப்புக்கொள்வது அவிசுவாசம் அன்று. தன் அளவை அறிந்த தாழ்மை.

மே மாதத்தில் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் விடைபெற்ற நாளில், தமக்குப்பின் வரவிருந்த ஆர்னே ஸ்லாட்டின் பெயரைத் திரளான இரசிகரோடு அவரே பாடினார். பெரும்பாலும் க்ளோப் உருவாக்கிய வீரர்களைக் கொண்டே ஸ்லாட் தமது முதற்பருவத்தில் லீக் பட்டத்தை வென்றார். மோசே யோசுவாவின்மேல் கைகளை வைத்ததும் இப்படிப்பட்ட செயலே. தான் காணாத வெற்றிக்கு இன்னொருவனை ஆயத்தப்படுத்தினான்.

நம் சபைகளிலோ, ஒரே செயலாளர், ஒரே ஓய்வுநாள் பள்ளிக் கண்காணிப்பாளர், ஒரே பாடகர் குழுத் தலைவர் என்று இருபது ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. அவர்களுடைய உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், "அவர் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது" என்பது புகழ்ச்சி அன்று. அவர் வேறொருவரையும் பழக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. இதற்கிடையில் வாலிபப் பிள்ளைகள் நாற்காலி அடுக்கவும் உணவு பரிமாறவும் மட்டுமே அழைக்கப்படுகிறார்கள். பின்பு அவர்கள் வராமற்போனதைக் குறித்து வருந்துகிறோம்.

போதகர்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்ல. அடுத்த தேர்தலுக்குமுன், பொறுப்பிலுள்ள ஒவ்வொருவரும் ஒருவரைப் பெயர்சொல்லித் தெரிந்துகொண்டு, கணக்கையும் சாவியையும் அவர் கையில் கொடுத்துப் பழக்குங்கள். அவர் தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிலும் சிறப்பாகச் செய்தால் மகிழ்ந்து பாராட்டுங்கள்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.