புறவாசலில் யாரோ வந்திருக்காக!

காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால், முருங்கை மரத்தடியில் நீல நிறத்தில் ஏதோ நகர்கிறது. இரவு பதினொரு மணிக்கு ஓட்டின் மேல் யாரோ நடந்துபோகிற மாதிரி சத்தம். துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் திடீரென்று 'சர்ர்ர்...' என்று ஓர் அசைவு. இந்த நேரத்தில் நாம் என்ன செய்வோம்? பாதிப் பேர் போனை எடுப்போம். மீதிப் பேர் கம்பை எடுப்போம்!

இரண்டையும் கொஞ்சம் கீழே வையுங்கள். இந்த வாரம், அழைக்காமல் வந்து நிற்கும் இந்த விருந்தாளிகளைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

இவர்கள் ஏன் வருகிறார்கள்?

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது ராதாபுரம். மேற்கே மகேந்திரகிரி மலை. தெற்கிலும் கிழக்கிலும் கொஞ்ச தூரம் போனால் கடல். நடுவில் பனை மரங்கள், காற்றாலைகள், சிவந்த மண், மழையை நம்பிக் கிடக்கும் மானாவாரி நிலங்கள். இந்த மாதிரி வறண்ட ஊரில் தினமும் தண்ணீர் ஊற்றுகிற ஒரு வீட்டுத் தோட்டம் என்பது, சுற்றியிருக்கும் உயிர்களுக்கு நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டல் மாதிரி. தண்ணீர் இருக்கிறது, நிழல் இருக்கிறது, சாப்பிடவும் ஏதாவது கிடைக்கும். பிறகு வராமல் இருப்பார்களா?

ஓட்டின் மேல் நடப்பவர் பெரும்பாலும் மரநாய். பெயரில்தான் நாய் இருக்கிறது, நாய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பழம்தான் இதற்கு உயிர். பனையேறிகள் கட்டிய கலயத்தில் வாய் வைக்கிற பழக்கமும் உண்டு என்பதால், ஆங்கிலத்தில் இதைக் 'கள்ளுப் பூனை' என்றே சொல்கிறார்கள். தின்ற பழத்தின் விதைகளை வேறு இடத்தில் போட்டு மரம் வளர்க்கிற வேலையையும் சத்தமில்லாமல் செய்கிறது.

வெள்ளை முகத்தோடு பனை மரத்திலோ பாழடைந்த வீட்டிலோ உட்கார்ந்து அலறுவது கூகை. 'அது கத்தினால் வீட்டுக்கு ஆகாது' என்பார்கள். உண்மையில் ஆகாதது எலிகளுக்குத்தான். கூகை இருக்கிற தெருவில் எலி மருந்துச் செலவு குறையும்.

விறகுக் கட்டுக்கு அடியில் ஓடுகிற நீளமான பாம்பு, பெரும்பாலும் சாரை. விஷம் இல்லாதது, இதற்கும் எலிதான் இரை. 'சாரை ஆண், நல்ல பாம்பு பெண்' என்று ஒரு பேச்சு உண்டு அல்லவா? அது தவறு. இரண்டும் வேறு வேறு இனம், இரண்டிலுமே ஆணும் பெண்ணும் உண்டு. இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு நிற்பதைப் பார்த்து 'இணை சேருது' என்று வேட்டி விரிப்பார்கள். பல நேரம் அது இரண்டு ஆண் சாரைகள் போடுகிற மல்யுத்தம்!

கடைசியாக, மயில். 1963-ல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. இன்று நாட்டில் பல பறவைகளின் எண்ணிக்கை குறைந்துவர, மயிலின் எண்ணிக்கையோ கூடிக்கொண்டே போகிறது என்று 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை சொல்கிறது. ராதாபுரம் பக்கம் யாரும் அறிக்கையைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கடலை விதைத்தவரைக் கேட்டாலே போதும்.

அத்தை வீட்டு விறகு அடுக்கு

ராதாபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் அத்தை வீடு. சித்திரை மாத வெயிலில் ஒரு நாள், புறவாசல் விறகு அடுக்குக்குப் பின்னால் ஒரு பெண் மயில் உட்கார்ந்திருப்பதை அத்தை பார்த்திருக்கிறார். அடியில் ஐந்து முட்டைகள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் விறகு எடுக்கப் போகவில்லை. கேஸ் அடுப்பிலேயே வெந்நீர் வைத்துக்கொண்டார்.

போனில் என்னிடம் சொன்னது இதுதான்: "பிள்ளைத்தாச்சியை யாராவது எழுப்பி விடுவாகளாட்டி? கெடக்கட்டும், அதுக்கு ஒரு மாசம்தான கணக்கு."

கணக்கு சரிதான். மயில் முட்டை பொரிய ஏறத்தாழ 28 நாட்கள் ஆகும். ஆனால், பிரச்னை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. பக்கத்து வயல்காரர் கிணற்றுத் தண்ணீரில் கடலை போட்டிருந்தார். விதை முளைவிடுகிற பதினைந்து நாட்களும் மயில் கூட்டம் இறங்கிக் கொத்திவிடும். அவர் நேராக அத்தையிடமே வந்துவிட்டார்.

"மதினி, நீங்க இதைப் பொரிக்க விட்டா அடுத்த வருஷம் இன்னும் அஞ்சு வந்து என் கடலைய திங்கும். முட்டைய எடுத்துத் தூர எறிங்க. இல்லன்னா நான் எடுக்கேன்."

சட்டம் இதை அனுமதிக்காது. 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ சேதப்படுத்துவதும் 'வேட்டை'தான். மயில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தண்டனை 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை.

ஆனால், அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறதே! மயிலைப் பார்த்து ரசிக்கிற சந்தோஷம் அத்தைக்கு. விதைத்த கடலை போகிற நஷ்டம் அவருக்கு. ஒருவர் சந்தோஷத்துக்கு இன்னொருவர் விலை கொடுத்தால் அது எப்படி நிலைக்கும்?

அத்தை சட்டம் பேசவில்லை. மறுநாள் விடிகாலையில் ஒரு பழைய தகரத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வயல் வரப்புக்குப் போய்விட்டார். முளை எழும்புகிற வரை காலையும் மாலையும் மயில் விரட்டுகிற வேலை அத்தையுடையது. பதிலுக்கு அவர், இரவில் அவிழ்த்துவிடுகிற தன் நாய்களைக் கட்டிப்போட ஒப்புக்கொண்டார். முட்டைக்கு உண்மையான எதிரி நாய்தான் என்பது அவருக்கும் தெரியும்.

நான்கு முட்டை பொரிந்தது. மயில் குஞ்சுகள் கோழிக்குஞ்சு மாதிரி, பொரிந்ததுமே நடக்க ஆரம்பித்துவிடும். ஒரே நாளில் தாயோடு வேலி தாண்டிப் போய்விட்டன. கடலையில் கொஞ்சம் சேதாரம்தான். அதைச் சொல்லி அவர் இன்னும் அத்தையிடம் குறைபட்டுக்கொள்கிறார். ஆனாலும் பேச்சுவார்த்தை நிற்கவில்லை.

ஒரு ஊரே எடுத்த முடிவு

இரண்டு வீடுகள் செய்ததை ஓர் ஊரே செய்தால்? ராதாபுரத்துக்கு வடக்கே, நாங்குநேரி வட்டத்தில் இருக்கிறது கூந்தன்குளம். மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர் குளத்துக்கு வந்ததும், மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் என்று பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். இமயமலையைத் தாண்டிப் பறந்துவரும் வரித்தலை வாத்துகளும் இங்கே வருவதுண்டு.

குளத்து மரங்களோடு நின்றுவிட்டால் இது வழக்கமான சரணாலயக் கதை. கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து வேம்பிலும் புளியிலும் கூடு கட்டுகின்றன. வாசலில் நின்றால் தலைக்கு மேலே நாரைக் குடும்பம்! யோசித்துப் பாருங்கள்: எச்சம் விழும், மீன் வாடை அடிக்கும், குஞ்சுகள் இரவும் பகலும் கத்தும். அந்த மக்கள் மரத்தை வெட்டவில்லை. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதைத் தவிர்க்கிறார்கள். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து, பறக்கும் வரை பராமரிக்கவும் அங்கே ஏற்பாடு உண்டு.

பறவைகளுக்குப் பதில் மரியாதையும் தெரியும். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். 1994-ல் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. அரசு பலகை வைப்பதற்கு வெகுகாலம் முன்பே, ஊர் மக்கள் பறவைகளுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு வீட்டில் மட்டும் பட்டாசை நிறுத்தியிருந்தால் அங்கே எதுவும் நடந்திருக்காது. ஊரே சேர்ந்து நிறுத்தியது, ஊரே சேர்ந்து நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டது. அதனால்தான் அது நிலைத்தது. புறவாசல் விருந்தாளியைப் பொறுத்தவரை நாம் கற்க வேண்டியதும் அதுதான். வந்தவரை வைத்துக்கொள்வதா என்பது ஒரு வீட்டு முடிவு அல்ல, ஒரு தெருவின் முடிவு. பக்கத்து வீட்டுக்காரருடன் பேசாமல் எந்தப் பறவையையும் காப்பாற்ற முடியாது.

எல்லோரும் விருந்தாளி அல்ல

அதற்காக எல்லா உயிர்களையும் 'வாங்க, உட்காருங்க' என்று சொல்லவும் முடியாது. களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் கரடியும் சிறுத்தையும் வருவதுண்டு. 2024 மே மாதம் பாபநாசம் அருகே வேம்பையாபுரம், அனவன்குடியிருப்பு பகுதிகளில் வனத்துறை கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்துக் காட்டுக்குள் விட்டது. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூட்டம் கூடி விரட்டினால்தான் விபரீதம்.

பாம்பிலும் கவனம் தேவை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் நம் நாட்டில் அதிக உயிரைப் பறிப்பவை. 2000 முதல் 2019 வரையிலான காலத்தை ஆராய்ந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாகக் கணக்கிட்டது. இதில் பெரும்பாலானவர்கள் கிராமத்து மக்கள்.

எனவே, இதை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்:

• பாம்பைப் பார்த்தால் சில அடிகள் பின்னால் வாருங்கள். அடிக்கவோ பிடிக்கவோ போகாதீர்கள். அது எங்கே போகிறது என்று தூரத்தில் நின்று பார்த்தபடி, தீயணைப்பு – மீட்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள்.

• கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்க நேரத்தை வீணாக்க வேண்டாம்.

• இரவில் புறவாசலுக்குப் போகும்போது டார்ச்சும் செருப்பும் கட்டாயம். தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாயின் அடியில் செருகிக்கொண்டால், கட்டுவிரியனிடமிருந்தும் பாதுகாப்பு.

• எலி இருந்தால் பாம்பு வரும். கோழித் தீவனம், மிச்சச் சோறு, சிந்திய தானியம் ஆகியவற்றை இரவில் வெளியே விடாதீர்கள். விறகு, செங்கல் அடுக்கை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

• தனியாக நிற்கும் குஞ்சை உடனே தூக்காதீர்கள். தாய் அருகில்தான் இருக்கும். நாயையும் பூனையையும் கட்டிவிட்டு, விலகி நின்று பாருங்கள். அடிபட்டிருந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

• போட்டோ எடுக்கலாம். கூட்டின் அருகே ஃபிளாஷ் வேண்டாம், வாட்ஸ்அப்பில் இடத்தின் பெயரும் வேண்டாம். மண்ணுளிப் பாம்பு, தேவாங்கு, எறும்புத்தின்னி போன்றவற்றை மூடநம்பிக்கையால் லட்சங்களுக்கு விலை பேசுகிற கும்பல்கள் உண்டு. உங்கள் ஸ்டேட்டஸ் அவர்களுக்கு மேப் ஆகிவிடக் கூடாது.

இன்று மாலை ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம், 'உங்க வீட்டுப் பக்கம் எதுவும் வருதா?' என்று கேட்டுப் பாருங்கள். மயிலோ மரநாயோ, அவர் சொல்வதற்கும் ஒரு கதை இருக்கும். அடுத்த முறை ஏதாவது வரும்போது, கம்பை எடுப்பதற்கு முன் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ள அந்தப் பேச்சு உதவும்.