கிராமத்தின் கணக்கு யாருக்கு?

ஒரு கிராமத்து ஜனங்கள் க்ஷேமமாக இருக்கிறார்களா, க்ஷீணித்து வருகிறார்களா என்பதை எதைக் கொண்டு அறிவது? சர்க்கார் கணக்கைக் கொண்டு என்பதே வழக்கமான விடை. அந்தக் கணக்கின் நிலைமை என்ன? பத்து வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கவேண்டிய ஜனத்தொகைக் கணக்கு கடைசியாக முடிந்தது 2011-இல். 2021-இல் நடந்திருக்கவேண்டிய கணக்கு தள்ளிப்போய், 2027-இல் எடுக்கப்படுமென்று 2025-இல் அறிவிப்பு வெளியாயிற்று. 2013-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி எத்தனை பேருக்கு மத்திய சர்க்கார் தானியம் வழங்குவது என்பதை 2011-ஆம் வருஷத்துத் தலைக்கணக்கை வைத்தே நிர்ணயித்தார்கள். அதற்குப் பிறகு ஜனங்கள் பெருகினார்கள், வரம்பு பெருகவில்லை. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ரேஷன் என்ற முறை இருப்பதால் இந்தக் கொடுமை நமக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. மற்ற ராஜ்யங்களில் ஏழைகளுக்கு அது நன்றாக உறைக்கிறது. எண்ணப்படாதவன் உண்ணவும் உரிமையற்றவனாகிறான்.

ஜனத்தொகைக் கணக்கு இல்லாவிட்டால் என்ன, மாதிரிக் கணக்குகள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கக்கூடும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு மிகப் பெரிய முயற்சி. 707 ஜில்லாக்களில் சுமார் 6.36 லட்சம் குடும்பங்களை விசாரித்தார்கள். ஆனால் வகுத்துப் பாருங்கள். ஜில்லா ஒன்றுக்குச் சராசரி 900 குடும்பங்களே வரும். ஜில்லாவின் போக்கை அறிய அது போதும். ஆனால் உங்கள் ஊர்க் குழந்தைகளின் கதியை அதில் காண முடியாது. தமிழ்நாட்டில் சுமார் 12,000 கிராமப் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் நோயை ஜில்லாவின் சராசரியிலிருந்து கண்டுபிடிக்க முயல்வது, நோயாளியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் நாடியைப் பிடித்துப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

கிராமத்தைக் கிராமமாகவே எண்ணிப் பார்க்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. சென்னை சர்வகலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, அவரவர்க்குத் தெரிந்த கிராமங்களுக்கு அனுப்பினார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, தஞ்சை ஜில்லாப் பாலக்குறிச்சி, வடார்க்காட்டுத் தூசி, திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான், ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்த வடமலைபுரம் முதலிய கிராமங்களின் நிலம், கடன், கூலி, கால்நடை, வீடு ஆகியவற்றின் விவரம் 1918-இல் புஸ்தகமாக வெளிவந்தது. இருபது வருஷங்களுக்குப் பின் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அந்தக் கிராமங்களை மறுபடி விசாரித்து 1940-இல் வெளியிட்டார்கள். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் மீண்டும் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-இலும் ஆராய்ச்சியாளர் சென்றனர். படியாள்களை வைத்து ஊரையே ஆண்ட பெரு நிலக்காரரின் ஆதிக்கம் தளர்ந்ததையும், உழவை மட்டும் நம்பாத உழைப்பாளிகள் தலைநிமிரத் தொடங்கியதையும் இந்த நூறு வருஷத்துக் கணக்கு வரிசை காட்டுகிறது. உலகில் இத்தகைய நீண்ட கிராமச் சரித்திரம் அபூர்வம்.

ஆனாலும் இதில் ஒரு குறை உண்டு. இந்தக் கணக்குகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. சர்வகலாசாலை அலமாரிகளில் அடங்கின. எண்ணப்பட்ட கிராமத்தார் தங்களைப் பற்றிய எண்களைக் கையில் பெற்றுத் தங்கள் காரியத்துக்குப் பயன்படுத்தும் ஏற்பாடு அவற்றில் இல்லை.

கணக்கு ஜனங்களின் ஆயுதமாகவும் கூடும் என்று காட்டியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா. குஜராத் வித்யாபீடத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு கேடா ஜில்லா மாதர் தாலுகாவில் 1930-ஐ ஒட்டி அவர் வீடு வீடாக விசாரித்தார். குடியானவனுக்கு வரவு என்ன, செலவு என்ன, வரி போக மிஞ்சுவது என்ன என்று கேட்டு எழுதினார். நிலவரி நியாயமானதே என்று சர்க்கார் சொன்னபோது, வாதத்துக்கு வாதம் பேசாமல் குடியானவனின் வரவு செலவையே எடுத்து எதிரில் வைத்தார்.

அந்த மார்க்கத்தை நம் காலத்தில் புதுப்பித்தவர்கள் ராஜஸ்தானத்துக் கூலிக்காரர்கள். 1990-இல் தோன்றிய மஸ்தூர் கிஸான் சக்தி ஸங்கடன் என்ற சங்கம், 1994 டிஸம்பரில் கோட்கிரானா என்ற கிராமத்தில் பகிரங்க விசாரணை ஒன்றைக் கூட்டியது. பஞ்சாயத்து வேலைகளின் கூலிப் பட்டியலை ஊரார் முன்னிலையில் பெயர் பெயராக வாசித்தார்கள். அத்தகைய கூட்டங்களில், வேலைக்கே போகாதவர் பெயரிலும் இறந்துபோனவர் பெயரிலும் கூலி பட்டுவாடா ஆனதாக எழுதியிருந்தது வெளிப்பட்டது. எழுத்தறியாத ஜனங்கள் கணக்கின் பொய்யைக் காதால் கேட்டே கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே எழுந்த கிளர்ச்சியே வளர்ந்து 2005-இல் தகவல் உரிமைச் சட்டமாகக் கனிந்தது.

இந்தப் படிப்பினையை நம் ஊர்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். நம் கிராமத்தில் கணக்குக்குப் பஞ்சமில்லை. பிறப்பு இறப்புப் பதிவேடு இருக்கிறது. அங்கன்வாடியில் மாதந்தோறும் குழந்தைகளை நிறுத்து எடை எழுதுகிறார்கள். கிராம சுகாதார நர்ஸிடம் கர்ப்பிணிகளின் விவரம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல், ரேஷன் கடையில் வழங்கிய கணக்கு எல்லாம் உண்டு. கர்ண உத்தியோகம் 1980-இல் ஒழிந்தது. கணக்கு ஒரு வீட்டாரின் பரம்பரைச் சொத்தாக இருந்த காலம் அதோடு முடிந்தது. ஆனால் அது ஊராரின் சொத்தாகிவிட்டதா? இல்லை. ஒவ்வோர் எண்ணும் தன் இலாகாவின் ஏணியில் ஏறித் தலைநகருக்குப் போகிறது. பிறந்த ஊருக்குத் திரும்பி வருவதில்லை. எடைக்கணக்கும் குடிநீர்க்கணக்கும் ரேஷன் கணக்கும் ஒரே மேஜையில் சந்திப்பதே கிடையாது.

இதைவிடப் பெரிய தீங்கு சராசரி என்ற போர்வை. உதாரணமாக, ஒரு பஞ்சாயத்தில் 100 குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் 80 பேர், காலனியில் 20 பேர். எடை குறைந்தவர்கள் ஊரில் 8 பேர், காலனியில் 10 பேர். மொத்தம் 100-க்கு 18 என்று அறிக்கை போகும்; "பரவாயில்லை" என்று மேலதிகாரி கையெழுத்திடுவார். ஊரில் பத்துக்கு ஒன்று, காலனியில் இரண்டுக்கு ஒன்று என்ற உண்மை அந்தப் பதினெட்டில் மறைந்துபோகும். தீண்டாமை தெருவில் மட்டும் இல்லை. கூட்டல் கணக்கிலும் ஒளிந்துகொள்ளும். ஆகையால் தெருவாரியாகப் பிரிக்கப்படாத கிராமக் கணக்கை நாம் கணக்கென்றே ஒப்புக்கொள்ளலாகாது.

தேச ஊழியர்கள் செய்யக்கூடியது என்ன? ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் கிராம சபை கூடுகிறது. பல ஊர்களில் தீர்மானத்தை வாசித்துக் கையெழுத்து வாங்குவதோடு அது கலைந்துவிடுகிறது. அங்கே ஏழு எண்களை உரக்க வாசிக்கும்படி கேட்கவேண்டும்: பிறந்த குழந்தைகள், ஒரு வயதுக்குள் இறந்தவை, எடை குறைந்தவை, பள்ளியை விட்டு நின்றவர்கள், பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன குடும்பங்கள், கோடையில் கிணற்றின் நீர்மட்டம், ஆண் பெண் இருபாலார்க்கும் அன்றைய விவசாயக் கூலி. இவற்றைப் பஞ்சாயத்துச் சுவரில் தெருவாரியாக எழுதவேண்டும். சென்ற வருஷத்து எண் பக்கத்திலேயே இருக்கவேண்டும். தனி எண்ணால் பிரயோஜனமில்லை. இரண்டு வருஷத்து எண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் பேசும்.

இதற்கு ஆக்ஷேபணைகள் உண்டு. குடும்ப இரகசியம் அம்பலமாகுமே என்பது ஒன்று. அது நியாயமான பயம். கூலிப் பட்டியல் பொதுப்பணத்தின் கணக்கு. அதில் பெயரை வாசிக்கத்தான் வேண்டும். குழந்தையின் எடையும் தாயின் நோயும் வீட்டு விஷயம். அங்கே தொகையை மட்டும் வாசிக்கவேண்டும். சிறிய தெருவில் தொகையே ஆளைக் காட்டிக்கொடுக்குமானால் பக்கத்துத் தெருவோடு சேர்த்துச் சொல்லலாம். மற்றோர் ஆக்ஷேபணை, ஊழியர்கள் எண்ணைத் திருத்தி எழுதிவிடுவார்கள் என்பது. எடை குறைந்த குழந்தை அதிகமென்று எழுதிய அங்கன்வாடிப் பணியாளரைக் கண்டிக்கும் வரையில் அவர் உண்மையை எழுதமாட்டார்தான். கெட்ட செய்தி கொண்டுவருபவரைத் தண்டிக்கும் ராஜ்யத்தில் நல்ல செய்தி மட்டுமே வந்து சேரும். அந்தப் பணியாளருக்கு ஊரே பக்கபலமாக நிற்கவேண்டும்.

சுயராஜ்யம் என்பது வாக்குச்சீட்டோடு முடிவதன்று. தன் வீட்டு வரவு செலவை அறியாதவனை நாம் குடும்பத் தலைவனென்று சொல்வோமா? தன் ஊரில் எத்தனை குழந்தைகள் பசியோடு உறங்குகின்றன என்று அறியாத கிராம சபையைச் சுயாட்சி ஸ்தாபனம் என்று எப்படிச் சொல்வது? அடுத்த கிராம சபைக்குப் போகும் ஒவ்வொரு தொண்டரும் வேறொன்றும் பேசவேண்டாம். "நம் ஊர்க் கணக்கை நமக்கு வாசியுங்கள்" என்று எழுந்து நின்று கேட்கட்டும். வாசிக்கும் வரையில் உட்காராமல் இருக்கட்டும்.