நோயாளியைக் காணாத கேமரா

'கைதி' (2019) படத்தில் போலீசார் பறிமுதல் செய்யும் கொக்கைன் 900 கிலோ. மூன்று ஆண்டுகள் கழித்து வந்த 'விக்ரம்' படத்தில் அது கன்டெய்னர் அளவுக்கு வளர்ந்துவிட்டது. 'கோலமாவு கோகிலா'வில் (2018) தாயின் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பணமில்லாத மகள் கொக்கைன் கடத்துகிறாள். அவள் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நாம் பதைக்கிறோம். மூன்றுமே விறுவிறுப்பான படங்கள். மூன்றிலும் போதைப்பொருள் என்பது துரத்துவதற்கான சரக்கு. அது கடைசியில் யார் உடம்புக்குள் போகிறது, அந்த வீடு என்ன ஆகிறது என்பதில் திரைக்கதைக்கு அக்கறை இல்லை.

போதையற்ற சமுதாயமே 'விக்ரம்' நாயகனின் கனவு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதே படத்தில் அடிபட்டுக் கிடக்கும் வில்லன் சந்தனம் போதைப்பொருளை வாயிலிட்டுக் கடித்ததும் அசுர பலத்தோடு எழுகிறார்; அரங்கில் விசில் பறந்தது. கர்ணன் என்ற பெயரில் நாயகன் போதைக்கு அடிமையானவராக நடமாடியதோ வேஷம் என்று தெரியவருகிறது. போதை வில்லனுக்கு பலம், நாயகனுக்கு மாறுவேடம். நோயாளி எங்கே?

சென்னையிலும் மதுரையிலும் போலீசில் பிடிபடும் இளைஞர்கள் பலரிடம் இருப்பது கொக்கைன் அல்ல. மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கிய வலி நிவாரணி மாத்திரைகள். அவற்றைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்கிறார்கள். நிறுத்தினால் கொட்டாவியும் மூக்கு ஒழுகலுமாகத் தொடங்கும். பிறகு மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடையும் வலி, தூக்கமே வராத இரவுகள். முதல் சில நாட்கள் தாங்க முடியாது. இந்த இரவுகளில் மகனின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவைத் தமிழ் சினிமா எத்தனை முறை காட்டியிருக்கிறது?

முடியாத காரியமல்ல. 2016-இல் வந்த இந்திப் படம் 'உட்தா பஞ்சாப்', போதைப்பொருள் லாரிகளைக் காசு வாங்கிக்கொண்டு விட்டுவிடும் போலீஸ்காரரின் சொந்தத் தம்பியே அந்தப் போதையில் வீழ்ந்து கிடப்பதைக் காட்டியது. தணிக்கை வாரியம் அதில் ஏகப்பட்ட இடங்களில் கத்திரி போடச் சொன்னது. மும்பை உயர் நீதிமன்றம் ஒரே ஒரு வெட்டோடு அனுமதித்தது. அந்தத் தீர்ப்பு சரியானது. தமிழிலும் கத்திரியை நாம் கேட்கவில்லை. கதையைக் கேட்கிறோம்.

திரையில் திருந்துவது சுலபம்: அறையில் கட்டிப்போட்டு, ஒரு பாட்டு முடிவதற்குள் ஆள் தெளிந்துவிடுவார். உண்மையில் மீண்டும் மீண்டும் சறுக்குவது இந்த நோயின் இயல்பு. சில வாரங்கள் நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். அதே அளவை மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இது தெரியாத குடும்பம், 'பத்து நாள் கட்டிவைத்தால் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கையில் உரிமமற்ற போதை மீட்பு மையங்களின் வாசலில் பிள்ளையை விடுகிறது. அத்தகைய இடங்களில் அடிபட்டு இறந்தவர்களைப் பற்றிய செய்திகளைத் தமிழகம் படித்திருக்கிறது.

சிகிச்சை இல்லாமல் இல்லை. சாந்தி ரங்கநாதன் சென்னையில் போதை மீட்புக்கான டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கியது 1980-இல். ஆனால் 2019-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வுப்படி, சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் 20 பேருக்கு ஒருவர்தான் எப்போதாவது மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றிருக்கிறார். வெட்கமும் பயமும் மற்றவர்களைத் தடுக்கின்றன. அந்த வெட்கத்தில் சினிமாவுக்கும் பங்கு உண்டு.

புகைக்கும் காட்சியில் எச்சரிக்கை வாசகம் ஓடுகிறது. அதை யாரும் படிப்பதில்லை. போதையை மையமாகக் கொண்ட படங்களில் 14446 என்ற இலவச உதவி எண்ணையாவது இடைவேளையில் முழுத்திரையில் காட்டலாம். அதைவிட முக்கியம், இயக்குநர்கள் எழுதும்போதே மனநல மருத்துவரோடும் மீண்டுவந்தவர்களோடும் உட்கார்ந்து பேசுவது. குறைந்த செலவில் தயாரான தரமான படங்களுக்கு மானியம் தரும் தமிழக அரசு, சிகிச்சையையும் சறுக்கலையும் நேர்மையாகச் சொல்லும் படங்களுக்கு அதில் முன்னுரிமை தர வேண்டும்.