கம்பு இல்லாத கையில் சிலம்பம்!

பேரிலேயே மூங்கிலை வெச்சிருக்கிற ஊரு நம்ம மூங்கில்துறைப்பட்டு. தென்பெண்ணைக் கரையில ஒரு பொடியன் கம்பு சுத்தினாக்கூட, கரும்பு லோடு டிராக்டரை ஓரங்கட்டிட்டு நின்னு பார்ப்பாங்க. ஆனா, நம்ம கேர்ள்ஸ் கேட்கிற கேள்வி வேற. "கடைசி பஸ்ஸுல இறங்கி நடக்கிறப்ப ஒருத்தன் கையைப் பிடிச்சா, நெத்தி உசரக் கம்பை எங்கே பாஸ் தேடறது?"

நியாயமான கேள்வி. லேப் முடிய ஏழு மணி ஆனா வீட்டுலேர்ந்து போன் மேல போன் வருதே, அந்தக் கவலைக்குப் பதில் சொல்லாத கலையை மெடலுக்காக மட்டும் கத்துக்கணுமா? பதில் சிலம்ப வரிசைக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கு. கம்பை மறந்துட்டுக் காலைப் பாருங்க.

ஆசான்கள் கம்பைக் கையில் கொடுக்கிறதுக்கு முன்னாடி காலடி போடச் சொல்லி உயிரை எடுப்பாங்க. "எதுக்கு மாஸ்டர் இது?"ன்னு யாரும் கேட்கிறதில்லை. ஒருத்தன் நேரா பாய்ஞ்சு வர்றான்னு வெச்சுக்கங்க. நேரா பின்னால போனா மாட்டிப்பீங்க. நீங்க பின்னால நடக்கிறதைவிட அவன் முன்னால ஓடறது வேகம். குறுக்கா ஒரு காலடி எடுத்து வெச்சா, அவன் உங்களைத் தாண்டிப் போயிடுவான். திரும்பி வர அவனுக்கு ஆகிற ஒரு விநாடி உங்களுக்கு லாபம். ஓடிடுங்க!

அடுத்தது மணிக்கட்டு. வீச்சுல முழங்கை உடம்போட ஒட்டியிருக்க, மணிக்கட்டு மட்டும் உருளும். பிடிச்ச கையிலேர்ந்து விடுபடவும் அதே உருட்டல்தான். பிடியில் பலவீனமான இடம் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கிற இடுக்கு. பயத்துல எல்லாரும் கையைப் பின்னால இழுப்போம், அது அவனோட நாலு விரலோட மல்லுக்கட்டுறது. முழங்கையை அவன் பக்கமா கொண்டுபோய், மணிக்கட்டை அந்த இடுக்கு வழியா திருப்பி எடுங்க. ஃபர்ஸ்ட் இயர்ல தூங்கிக்கிட்டே படிச்ச நெம்புகோல் தத்துவம்தான்!

குடை இருந்தா? வீசாதீங்க. நுனி வேகம்ங்கிறது சுத்துற வேகத்தை நீளத்தால் பெருக்கி வர்றது. அஞ்சரை அடிக் கம்புக்கு இருக்கிற வேகம் ரெண்டடிக் குடைக்கு வராது. போதாததுக்கு பஸ்ஸுக்குள்ள வீச இடமும் இல்லை. ரெண்டு கையாலும் பிடிச்சு நெஞ்சுக்கோ வயித்துக்கோ ஒரு குத்து. சிலம்பத்துல குத்துன்னு தனியாவே ஒண்ணு இருக்கு. மேடையில சுத்துற அழகுக்குக் கிடைக்கிற விசில் அதுக்குக் கிடைக்கிறதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கதை நமக்கு மட்டும் நடக்கலை. 1900களின் ஆரம்பத்துல ஒகினாவா தீவுல இத்தோசு அங்கோங்கிற ஆசான் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டுபோனார். வரிசையா நின்னு பசங்க 'கத்தா' செய்தாங்க. போகப்போக அசைவு தங்கிச்சு, அர்த்தம் நழுவிச்சு. இப்ப ஒவ்வொரு அசைவையும் 'இது யாருக்கு, எதுக்கு?'ன்னு பிரிச்சு மேயறாங்க. அதுக்குப் பேரு புங்காய். (கூட்டு வைக்கிற காய் இல்லீங்க!)

சிலம்பம் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில செயல்விளக்க ஆட்டமா இடம் பிடிச்சது. சந்தோஷம்தான். ஆனா போட்டியில கம்பு உடம்புல பட்டா புள்ளி, ரோட்டுல பட்டா மட்டும் எவனும் நிக்க மாட்டான். சுழன்று குதிக்கிற அடவெல்லாம் உடம்பு பலத்துக்கு நல்லது. சண்டைக்கு அதை நம்பறது ரிஸ்க். கத்தியைக் காட்டினா பர்ஸைத் தூக்கிப் போட்டுட்டு ஓடுங்க. 112-க்கும், பெண்கள் உதவிக்கு 181-க்கும் போன் போட வெட்கப்படாதீங்க.

சட்டமும் கொஞ்சம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. தற்காத்துக்கத் தேவையான அளவுக்கு மேல அடிக்கக் கூடாது. விழுந்து கிடக்கிறவனை 'பழிக்குப் பழி'ன்னு மிதிச்சா அது தற்காப்பு இல்லை.

இந்த வார ஹோம்வொர்க்... ஹாஸ்டல் தோழிகிட்ட மணிக்கட்டைக் கொடுத்து, நிஜமாவே இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்க. பாவம் பார்த்து லூஸ் விட்டா கணக்குல வராது! இருபது தடவையில எத்தனை தடவை விடுபட்டீங்கன்னு எண்ணி எழுதி அனுப்புங்க.